டில்டிங் கிரைண்டர் யாருடைய கைகளுக்காகச் செய்யப்படுகிறது?

கோயம்புத்தூரில் தயாரான இரண்டு லிட்டர் டேபிள் டாப் டில்டிங் கிரைண்டர் ஒன்று சில மாதங்களாக எங்கள் கோபிசெட்டிபாளையம் வீட்டுச் சமையல் மேடையில் இருக்கிறது. முடக்குவாதத்தால் விரல் மூட்டுகள் வீங்கி வளைந்துபோன என் அம்மா, பிறவியிலிருந்தே பார்வை இல்லாத பெரியம்மா மகன், இடது கைப் பழக்கம் உள்ள என் மகள் என மூன்று பேர் அதில் மாவாட்டுகிறார்கள். ஆகவே மாவு எவ்வளவு பொங்குகிறது, மோட்டார் எவ்வளவு சத்தம் போடுகிறது என்பவற்றோடு இந்த மதிப்புரையை முடித்துக்கொள்ள முடியாது. வலுவான இரண்டு கைகளும் தெளிவான இரண்டு கண்களும் இல்லாத ஒருவர், அரிசியைப் போடுவதில் தொடங்கி டிரம்மைக் கழுவித் துடைப்பது வரை, வேறொருவரைக் கூப்பிடாமல் இதைக் கையாள முடியுமா என்பதையே நான் பார்க்க விரும்பினேன். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆவாரம்பாளையம், கணபதி, பீளமேடு போன்ற பட்டறைப் பகுதிகளிலிருந்து வந்து கடைகளில் நாங்கள் தொட்டுப் பார்த்த டில்டிங் கிரைண்டர்கள் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய அமைப்பு உடையவையாகவே இருந்தன. இங்கே சொல்லும் நிறைகுறைகளில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும்.

அரைக்கும் வேலையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உளுந்து நன்றாக நுரைத்து எழும்புகிறது, அரிசி வேண்டிய பதத்துக்கு வருகிறது, மாவு சூடேறுவதில்லை. சத்தமும் பேச்சை மறைக்கும் அளவுக்கு இல்லை. இந்த வகையில் கோவை கிரைண்டருக்கு இருக்கும் பெயர் நியாயமானதே.

அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. ஆட்டுக்கல்லில் மாவாட்ட, தரையில் குந்தி உட்கார்ந்து ஒரு கையால் குழவியைச் சுற்றிக்கொண்டே மற்றொரு கையால் மாவைத் தள்ளிவிட வேண்டும். முழங்காலும் இடுப்பும் தோளும் விரல்களும் ஒருசேர ஒத்துழைத்தால்தான் அந்த வேலை நடக்கும். 1955-இல் கோவையைச் சேர்ந்த பி. சபாபதி மோட்டாரில் இயங்கும் கிரைண்டரை உருவாக்கியதும் தோளின் வேலை குறைந்தது. பிறகு டேபிள் டாப் வந்ததும் குந்தி உட்கார வேண்டிய தேவை போயிற்று. டில்டிங் வந்ததும் டிரம்மைத் தூக்கிக் கவிழ்க்க வேண்டிய தேவை போயிற்று. 2005-06-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தப் பொருள், உடல் வலிமை குறைந்தவர்களையும் சமையலறைக்குள் சேர்த்துக்கொண்டே வளர்ந்திருக்கிறது. முழங்காலிலிருந்து தோள்வரை வந்த அந்தக் கரிசனம் விரல்களுக்கு வரும்போது நின்றுபோனதுதான் என் முதன்மையான மனக்குறை.

முதலில் டில்டிங். இதற்காகவே நாங்கள் இந்த மாடலை வாங்கினோம், இதில் எங்களுக்கு ஏமாற்றம் இல்லை. சாதாரண டேபிள் டாப் கிரைண்டரில் கல்லை வெளியே எடுத்து, மாவு நிறைந்த டிரம்மை இரண்டு கைகளாலும் தூக்கிச் சாய்க்க வேண்டும். ஈரமான எஃகு விளிம்பை வீங்கிய விரல்களால் பற்றி அவ்வளவு கனத்தைத் தாங்குவது அம்மாவுக்கு முடியாத காரியம். மாவாட்டும் நாளில் வீட்டில் வேறொருவர் இருந்தே ஆக வேண்டும் என்ற நிலை அதனால்தான் ஏற்பட்டது. டில்டிங் மாடலில் டிரம் தன் தாங்கியின் மேலேயே கீலில் சாய்ந்து மாவைப் பாத்திரத்தில் விடுகிறது. எடை முழுவதையும் கீல் ஏற்றுக்கொள்கிறது, நம் கை திசையை மட்டும் காட்டினால் போதும். அம்மா முதன்முறை தானாகவே மாவைச் சாய்த்து ஊற்றிவிட்டு, "இதென்ன கண்ணு, தானே சாஞ்சு கொட்டுது" என்றார். அந்த ஒரு வசதிக்கே இந்தக் கிரைண்டருக்குக் கொடுத்த பணம் தகும் என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் டிரம்மைச் சாய்ப்பதற்கு முன் பூட்டை விடுவிக்க வேண்டும், அங்கேதான் தடை தொடங்குகிறது. பக்கவாட்டில் ஸ்பிரிங் வைத்த ஒரு சிறிய முள் இருக்கிறது. அதன் தலை ஒரு சுண்டைக்காய் அளவுதான் இருக்கும். பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அதைக் கிள்ளிப் பிடித்து, ஸ்பிரிங்கின் விசைக்கு எதிராக வெளியே இழுத்து, இழுத்தபடியே மற்றொரு கையால் டிரம்மைச் சாய்க்க வேண்டும். முடக்குவாதம் உள்ளவர்களுக்கு முதலில் கைவிட்டுப் போவது இந்தக் கிள்ளிப் பிடிக்கும் வலுதான். உள்ளங்கையால் அழுத்தவும், முன்கையால் தள்ளவும், உடம்பின் எடையைக் கொடுத்துச் சாய்க்கவும் முடிந்த ஒருவரால்கூட இரண்டு விரல் நுனிகளால் ஒரு முள்ளை இழுக்க முடியாமல் போகலாம். பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு கை மட்டுமே வேலை செய்பவருக்கு நிலைமை இன்னும் கடினம், ஏனெனில் பூட்டும் டிரம்மும் ஒரே நேரத்தில் இரண்டு கைகளைக் கேட்கின்றன. முள்ளுக்குப் பதிலாக ஒரு சாண் நீளத்தில் ஒரு நெம்புகோல் இருந்தால், அதை மணிக்கட்டாலோ முழங்கையாலோ கீழே அழுத்திவிட்டு அதே கையால் டிரம்மைச் சாய்க்கலாம். இது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்றன்று. ஓட்டல்களுக்குப் போகும் பெரிய டில்டிங் கிரைண்டர்களில், அவ்வளவு மாவைச் சாய்க்க வேண்டியிருப்பதால் நீளமான கைப்பிடி வைத்துத்தான் செய்கிறார்கள். கனமான வேலைக்குச் செய்யத் தெரிந்த ஒன்றை மெலிந்த கைகளுக்கும் செய்து தருவதில் என்ன தடை இருக்க முடியும் என்று எனக்கு விளங்கவில்லை.

பூட்டு வலப்பக்கம் மட்டுமே இருப்பதையும் சொல்ல வேண்டும். என் மகள் இடது கையால் டிரம்மைச் சாய்க்க முற்படும்போது கைகள் குறுக்கே மாறிக்கொள்கின்றன. கிரைண்டரைத் திருப்பி வைத்தால் மாவு சுவர்ப்பக்கம் விழும். இரு பக்கமும் பொருத்தக்கூடிய துளைகளை அச்சிலேயே விட்டுவைத்தால், வாங்குபவர் தன் பழக்கத்துக்கு ஏற்பக் கைப்பிடியை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

சாய்த்த மாவு எங்கே விழுகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. டிரம் முழுவதும் சாய்ந்த நிலையில் அதன் விளிம்புக்கும் மேடைக்கும் இடையே உள்ள இடைவெளி, எங்கள் வீட்டில் மாவு வைக்கும் போசியின் உயரத்தைவிடக் குறைவு. எனவே கிரைண்டரை மேடையின் ஓரத்துக்கு இழுத்து, போசியை ஒரு முக்காலியின் மேல் வைத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அகலமான தட்டையான பாத்திரம் வைத்தால் நேராக மேடையிலேயே பிடிக்கலாம், ஆனால் அதிலிருந்து மீண்டும் போசிக்கு மாற்றும் வேலை கூடுகிறது. தாங்கியின் கால்களை இன்னும் நான்கு விரற்கடை உயர்த்தினால் இந்தச் சிக்கல் தீரும் என்று தோன்றினாலும், சக்கர நாற்காலியிலோ ஸ்டூலிலோ உட்கார்ந்தபடி வேலை செய்பவருக்கு டிரம்மின் வாய் எட்டாமல் போய்விடும். உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிற திருகுக் கால்கள்தான் இதற்குச் சரியான வழி. லேத் வைத்திருக்கும் எந்தப் பட்டறையும் அவற்றைச் செய்துவிடும்.

கல் தாங்கியை மேலே இறுக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் திருகு வட்டமாக, வழுவழுப்பாக இருக்கிறது. காய்ந்த கையால் திருகினால் பிடிமானம் கிடைக்கிறது. மாவு படிந்த கையால் திருகினால் வழுக்குகிறது, மாவாட்டி முடித்தவர் கையோ மாவு படிந்துதான் இருக்கும். பட்டறைகளில் வேலைப்பொருளை அசையாமல் பிடிக்கும் ஜிக்குகளை இறுக்கப் பயன்படும் நட்சத்திர வடிவத் திருகைப் போட்டிருந்தால், விரல்களை மடக்காமலேயே உள்ளங்கையின் மேட்டைப் பள்ளங்களில் வைத்துத் தள்ளித் திருப்ப முடியும். இத்தகைய சிறு மாற்றம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நன்கறிந்த சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் சாம் ஃபார்பர் என்ற தொழிலதிபர், லேசான மூட்டுவலி இருந்த தம் மனைவி பெட்சி காய்கறித் தோல் சீவியைப் பிடிக்கச் சிரமப்பட்டதைக் கண்டு, தடித்த, மென்மையான, ஈரத்திலும் வழுக்காத கைப்பிடி கொண்ட சமையலறைக் கருவிகளை 1990-இல் ஆக்ஸோ என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தார். அவை நோயாளிகளுக்கான கருவிகளாக விற்கப்படவில்லை. எல்லோரும் வாங்கும் பாத்திரக்கடை அலமாரியிலேயே வைக்கப்பட்டன, எல்லோரும் வாங்கினார்கள். மூட்டுவலி உள்ள கைக்கு வசதியாகச் செய்த கைப்பிடி, வலியில்லாத கைக்கும் வசதியாகவே இருந்தது.

அடுத்து சுவிட்ச். பார்வை இல்லாத பெரியம்மா மகன் என்று முதலில் சொன்ன எங்கள் அண்ணன் திருப்பூரில் தனியாகத் தங்கி வேலை பார்ப்பவர். சமையல் முழுவதையும் தாமே செய்துகொள்பவர். இங்கே வரும்போது இந்தக் கிரைண்டரில் அவர் மாவாட்டிப் பார்த்தார். அரிசி அளப்பது, தண்ணீர் விடுவது, பதம் பார்ப்பது எதிலும் அவருக்குத் தயக்கம் இல்லை. கல் ஓடும் சத்தம் மாறுவதை வைத்தே மாவு கெட்டிப்பட்டதா, தண்ணீர் வேண்டுமா என்று அவரால் சொல்ல முடிந்தது. கண் உள்ள நாங்கள் அதைக் கவனித்ததே இல்லை. அவர் சுட்டிக்காட்டிய குறை ஒன்றுதான், அது மிகக் கடுமையானது. சுவிட்ச் இரு நிலைகளிலும் விரலுக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி படுகிறது. எரியும் சிவப்பு விளக்குதான் வேறுபாட்டைக் காட்டுகிறது. கல் ஓடும்போது சத்தமே சொல்லிவிடும். நடுவில் கரண்ட் போய்விட்டால் என்ன ஆகும்? விளக்கு அணைந்துவிடும், கல் நின்றுவிடும், சுவிட்ச் மட்டும் ஆன் நிலையிலேயே இருக்கும். மாவு முடிந்ததா என்று பார்க்க டிரம்முக்குள் கையை விட்டிருக்கும் நேரத்தில் கரண்ட் திரும்ப வந்தால், கல் எந்த எச்சரிக்கையும் இன்றிச் சுழலத் தொடங்கும். இந்த ஆபத்து பார்வையற்றவருக்கு மட்டும் உரியதன்று. விளக்கு அணைந்த இருட்டில் எல்லோரும் அதே நிலையில்தான் இருக்கிறார்கள். சுவிட்ச் என்றால் என்ன என்று அறியாத குழந்தையும் இருக்கிறது.

இதற்கான தீர்வு கொங்கு நாட்டுத் தோட்டங்களில் கிணற்று மேட்டிலேயே இருக்கிறது என்பதை நினைக்கும்போது ஆற்றாமையாக இருக்கிறது. போர்வெல் மோட்டாரை இயக்கும் ஸ்டார்ட்டரில் நோ வோல்ட் காயில் என்ற ஒன்று உண்டு. கரண்ட் போனவுடன் அது ஸ்டார்ட்டரை விடுவித்துவிடும். கரண்ட் திரும்பி வந்தாலும், யாராவது போய்ப் பச்சைப் பொத்தானை அழுத்தும்வரை மோட்டார் தானாக ஓடாது. பம்ப்செட்டுகளையும் கிரைண்டர்களையும் ஒரே நகரத்தில் செய்கிறோம். தோட்டத்து மோட்டாருக்குக் கொடுத்த பாதுகாப்பைச் சமையலறையில் மாவாட்டும் கைக்கும் கொடுக்க வேண்டும் என்று நான் இந்தத் தொழில் செய்பவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். அத்துடன், ஆன் செய்யும் பொத்தான் புடைத்தும் ஆஃப் செய்யும் பொத்தான் குழிந்தும் இருந்தால் தொட்ட மாத்திரத்தில் எது எது என்று தெரிந்துவிடும். ஜப்பானில் காவ் நிறுவனம் 1991-இல் தன் ஷாம்பூ பாட்டில்களின் பக்கவாட்டில் சிறு வரித் தடங்களை அச்சிலேயே சேர்த்தது. தலை குளிக்கும்போது கண்ணை மூடியிருப்பவரும், பார்வை இல்லாதவரும் ஷாம்பூவையும் கண்டிஷனரையும் தடவியே பிரித்தறிய அது உதவியது. அச்சில் ஒருமுறை செய்யும் மாற்றம் அது; ஒவ்வொரு பொருளுக்கும் தனிச் செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை. எங்கள் கிரைண்டரின் டைமரில் நிமிடங்கள் மையால் மட்டும் அச்சிடப்பட்டிருக்கின்றன. பத்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி வீதம் புடைப்பாக வைத்திருந்தால் அண்ணன் யாரையும் கேட்க வேண்டியிருக்காது. இப்போதைக்கு அந்த இடங்களில் ஃபெவிகால் போன்ற கெட்டியான பசையால் சிறு துளிகள் வைத்திருக்கிறோம். தண்ணீர் படும்போதெல்லாம் அவை இளகி உதிர்கின்றன.

கழுவுவது பாதி நிறைவு. டிரம்மில் தண்ணீர் விட்டுச் சிறிது நேரம் ஓடவிட்டுச் சாய்த்துக் கொட்டலாம் என்பதால் பெரும்பகுதி மாவு கையை வைக்காமலேயே போய்விடுகிறது. கல் தாங்கியைத் தூக்கிக் கழுவுவதற்குத்தான் அம்மாவுக்கு இன்னமும் துணை தேவைப்படுகிறது. அதன் மேல் ஒரு வளையப் பிடி இருந்தால் முழங்கை மடிப்பில் மாட்டியாவது தூக்கலாம். மாவு வழிப்பதற்குக் கொடுத்திருக்கும் பிளாஸ்டிக் கரண்டியின் காம்பு மெல்லியது. அதில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டியதும் அம்மாவுக்குப் பிடிக்க எளிதாயிற்று. உடன் வந்த விளக்கத்தாள் பொடி எழுத்தில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கிறது. தமிழகத்தில் செய்து தமிழ்க் குடும்பங்களுக்கு விற்கும் பொருளுக்குப் பெரிய எழுத்தில் தமிழும், படிக்கத் தெரியாதவருக்குப் படங்களும் இல்லாதது வருத்தத்துக்குரியது.

வாங்கிய இடத்தில் நடந்ததையும் பதிவு செய்ய வேண்டும். பூட்டை அம்மாவே இழுத்துப் பார்க்கட்டும் என்று கேட்டபோது, விற்பனையாளர் அம்மாவை விட்டுவிட்டு என்னிடம் திரும்பி, "பெரியவங்களுக்கு எதுக்குங்க இந்தச் சிரமம், மாவு பாக்கெட்டே கடையில கிடைக்குதுங்களே" என்றார். அவர் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. ஆயினும், பொருள் கைக்கு ஒத்துவரவில்லை என்றால் கையை விலக்கிவிடலாம் என்ற எண்ணம் அந்த வார்த்தையில் இருக்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த வீட்டுக்கு இட்லி சுட்ட ஒருவர், உளுந்தையும் அரிசியையும் எந்த விகிதத்தில் போட வேண்டும் என்று பருவத்துக்கு ஏற்ப அறிந்தவர், ஒரு சுண்டைக்காய் அளவு முள்ளின் காரணமாகப் பாக்கெட் மாவுக்குத் தள்ளப்படுவதை என்னால் ஏற்க முடியவில்லை. போலியோவால் பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் வாழ்ந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ரொனால்ட் மேஸ் இதைத்தான் வலியுறுத்தினார்: பொருள்களையும் இடங்களையும் முதலிலிருந்தே இயன்றவரை அனைவருக்கும் பொருந்துமாறு வடிவமைக்க வேண்டும். அவரும் உடன் பணியாற்றியவர்களும் 1997-இல் வெளியிட்ட ஏழு நெறிகளில் குறைந்த உடலுழைப்பு ஒன்று, தவறு நேர்ந்தாலும் ஆபத்து நேராமல் இருத்தல் மற்றொன்று. எங்கள் கிரைண்டரின் பூட்டு முன்னதிலும் சுவிட்ச் பின்னதிலும் தவறுகின்றன.

கொங்கு நாட்டில் இருப்பதன் நன்மை, குறை கண்டால் அதைத் தீர்க்கத் தெரிந்தவர் அடுத்த தெருவில் இருப்பார் என்பது. எங்கள் ஊர் லேத் பட்டறைக்காரர் ஒருவர் பூட்டு முள்ளின் தலையில் மரை வெட்டி, ஒரு சாண் நீளமுள்ள எஃகுக் கம்பியை எல் வடிவில் வளைத்துப் பொருத்தி, நுனியில் கட்டை விரல் பருமனுக்கு ரப்பர் உறை மாட்டிக் கொடுத்தார். அம்மா இப்போது மணிக்கட்டால் அதை அழுத்தியே பூட்டை விடுவிக்கிறார். அதற்கு ஆன செலவு ஒரு கிலோ உளுந்தின் விலைக்குள் அடங்கிவிட்டது. ஆனால் இப்படி மாற்றியமைத்தால் உத்தரவாதம் செல்லாது என்று அட்டையில் அச்சிட்டிருக்கிறார்கள். நிறுவனமே செய்து தந்திருக்க வேண்டிய ஒன்றை வாங்கியவர் செய்துகொண்டதற்காக உத்தரவாதத்தை இழக்க வேண்டியிருப்பது முறையன்று.

அரசும் இதில் ஒதுங்கி நிற்க முடியாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தன் 43-ஆம் பிரிவில், அனைவருக்கும் பொருந்துமாறு வடிவமைத்த நுகர்பொருள்களின் உருவாக்கத்தையும் உற்பத்தியையும் விநியோகத்தையும் ஊக்குவிக்கும் கடமையை அரசின் மீது சுமத்துகிறது. 2011-இல் தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியபோது, கிரைண்டரைக் கடையில் வாங்க இயலாத ஏராளமான வீடுகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. அவ்வளவு பெரிய கொள்முதலின் ஒப்பந்தப் புள்ளியில் பூட்டும் சுவிட்சும் எப்படி இருக்க வேண்டும் என்று இரண்டு வரிகள் சேர்த்திருந்தால், அச்சுகளை மாற்ற வேண்டிய கட்டாயம் உற்பத்தியாளர்களுக்கு ஏற்பட்டிருக்கும். மாற்றிய அச்சு கடைக்கு வரும் கிரைண்டர்களுக்கும் பயன்பட்டிருக்கும்.

இதை வாங்கலாமா என்று கேட்டால், தோள்வலியோ இடுப்புவலியோ மட்டும் உள்ளவர்கள் தயங்காமல் வாங்கலாம். விரல் மூட்டுகள் பாதிக்கப்பட்டவர்கள், பூட்டை மாற்றித் தரக்கூடிய பட்டறை ஒன்றை முதலில் பேசிவைத்துவிட்டு வாங்க வேண்டும். பார்வை இல்லாதவர்கள் கரண்ட் போனவுடன் சுவர் பிளக் பாயிண்டின் சுவிட்சையும் அணைக்கும் பழக்கத்தை வைத்துக்கொண்டால் இதைப் பயன்படுத்தலாம்; எங்கள் அண்ணன் அப்படித்தான் செய்கிறார். எந்த மாடலாக இருந்தாலும், பில் போடுவதற்கு முன் டிரம்மில் பாதி அளவு தண்ணீர் ஊற்றச் சொல்லி, விரல்களை மடக்கிய ஒரே கையால் பூட்டை விடுவித்துச் சாய்க்க முடிகிறதா என்று, வீட்டில் மாவாட்டப் போகிறவரே கடையில் நின்று பார்க்க வேண்டும். தண்ணீர் ஊற்றிப் பார்க்கக் கடைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேறு கடைக்குப் போங்கள். இந்த ஊரில் கிரைண்டர் கடைகளுக்குப் பஞ்சமில்லை.